சுவரில் ஏறிய ஆஸ்திரேலியா

"முதல்ல கபில்தேவைக் கழட்டுங்க" என்றாள் மனைவி ஸ்ரீவித்யா. "பையன் வீட்டுக் கார் தெருமுனைக்கு வந்தாச்சு."

கிட்டு ஸ்டூலில் ஏறித் தயங்கி நின்றார். உலகக் கோப்பையோடு சிரிக்கும் அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவர் அவருடைய அப்பா. எண்பத்து மூன்றில், தாம்பரத்து மொட்டைமாடியில் டிரான்சிஸ்டரை நடுவில் வைத்து இறுதி ஆட்டம் கேட்டார்கள். கபில் பின்னால் ஓடிப்போய் ரிச்சர்ட்ஸைக் கேட்ச் பிடித்ததும், எப்போதும் உர்ரென்றிருக்கும் அப்பா மகனைக் கட்டிக்கொண்டு குதித்தார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். கபிலை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் கிட்டுவுக்குப் பொறுக்காது.

போன வருஷம் மகள் ஸ்நேகாவைப் பெண் பார்க்க வந்தவர், "ஒன்டேன்னா தோனிதான் சார்" என்று சொல்லப்போக, கேசரி ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்தது. இந்தப் பையனோ கேளம்பாக்கம் ஆபீசில் ஸ்நேகாவுக்கே பிடித்துப்போனவன்.

"அப்பா, அவங்க என்ன சொன்னாலும் சரின்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்று ஸ்நேகா கெஞ்சினாள்.

படத்தை எடுத்ததும் சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. மறைக்க அளவாகக் கிடைத்தது, மெல்போர்னிலிருந்து மைத்துனன் அனுப்பிய ஆஸ்திரேலியா அணியின் காலண்டர்தான்.

"இவங்களுக்காக இங்க யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க" என்று ஸ்ரீவித்யா அதையே மாட்டினாள்.

பையனின் அப்பா ஷ்யாம்சுந்தர் உள்ளே வந்ததும் காலண்டரைத்தான் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அவர் மனைவி முழங்கையால் இடித்தாள்.

"ரெண்டாயிரத்து மூணுல ஜெயிச்ச ஆஸ்திரேலியா..." என்று செருமிக்கொண்டார். "அந்த மாதிரி ஒன்டே டீம் இனிமே வராது சார்."

கிட்டு பல்லைக் கடித்துக்கொண்டார். "வரவே வராது சார்."

"நம்ம எண்பத்து மூணு டீம்கூட அதுக்கு முன்னாடி..."

"நிக்காது சார்."

ஷ்யாம்சுந்தரின் குரல் கம்மியது. "கபில்தேவுக்காவது அதுல ஒரு இடம் கிடைக்குமில்ல?"

கிட்டு மகளைப் பார்த்தார். மகள் கண்ணாலேயே கும்பிட்டாள்.

"ட்வெல்த் மேனா தண்ணி கொண்டுவரலாம் சார்."

சொல்லி முடித்ததும் மொட்டைமாடியில் அப்பாவின் பிடி விட்டுப்போன மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

ஷ்யாம்சுந்தர் பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தே விட்டார்.

"என்னப்பா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றாள் ஸ்நேகா.

"சரின்னுதாம்மா சொன்னேன்."

அவர் சோபாவுக்கு அடியிலிருந்து கபிலை எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க டிரைவர் சிட்டிபாபு வந்தான். படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா சார் இது? கபிலத் தண்ணி கொண்டாரச் சொன்ன வூட்ல எப்டி சம்பந்தம் பண்றதுன்னு எங்க சாரு வண்டியில பொலம்பிகினு கீறாரு."

"அவர்தானப்பா ஆஸ்திரேலியான்னு ஆரம்பிச்சார்?"

"உங்க காலண்டரப் பாத்துட்டு, புள்ளைக்காவ மனச கல்லாக்கிகினு சொன்னாரு சார். எங்க வண்டியில புள்ளையாருக்குப் பக்கத்துல ஒட்டிகினு கீறதே இந்தக் கபில்தேவ்தான்."