பிளக் அண்ணனும் என் டிவியும்

பினாங்குத் தீவிலேயே, என் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த பிளக் அண்ணனைப்போல் பயந்த மனிதர் வேறு கிடையாது. சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது; ஊருக்கு அண்ணன், வயதில் மூத்த எனக்கு மட்டும் தம்பி. வானம் கறுத்தால் போதும், மாடியிலும் கீழே என் வீட்டிலும் உள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவார். என் ஐஸ்பெட்டியில் மீன் நாறியதெல்லாம் அவர் புண்ணியம். பூட்டை இழுத்துப் பார்ப்பார், படியிறங்குவார், மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பார். ஜுருவில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் பஸ் பாதி நாள் அவரை விட்டுவிட்டே போய்விடும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கீழே வந்து, என் கூடத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் மோடத்தில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி திறக்க வேண்டும் என்றார்.

அவர் மனைவி பிரிந்து, மகளோடு மெல்பர்ன் போய்விட்டாள். ஃபோனில் மகள் "ம்" என்பாள், இவர் "ம்" என்பார், பேச்சு முடிந்துவிடும். ஆனால் கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு ஒன்றை இவர் கம்ப்யூட்டரில் நடத்தினால், ஞாயிறு மாலை அவள் அதற்குள் வந்து கூட விளையாடுவாளாம். மோடமோ வெளியாளை உள்ளே விடாது. இந்த வாசலில் தட்டுகிறவரை இந்த எண்ணுள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று அதில் எழுதி வைக்க வேண்டும்.

"மக மட்டும்தானே வருவா தம்பி?"

"திறந்தா எல்லாருக்கும் திறந்ததுதான்க்கா. அதான் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்வேனா? திறங்க என்றேன். அந்த ஞாயிறு மேலே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதுவரை கேட்டதே இல்லை.

அடுத்த மழைக்கு வழக்கம்போல் எல்லாவற்றையும் பிடுங்கினார். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மோடம்தான் ஒரு எண் கொடுக்குமாம்; திரும்பச் சொருகியபோது அந்த எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரின் எண் என் டிவிக்குப் போய்விட்டது.

படியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "அக்கா, வெளிநாட்டுல இருந்து தட்டுறதெல்லாம் இப்ப உங்க டிவிக்குத்தான் வருதுலா."

டிவியைப் போர்வையால் மூடினேன். அதன் பக்கமே போகவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சேலை மாற்றினேன். உள்ளே வர முடியாத அவர் மகளோ, அப்பா வேண்டுமென்றே அடைத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டாள். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

கம்ப்யூட்டருக்கு ஒரே எண்தான், இனி மாறக்கூடாது என்று மோடத்தில் எழுதிவைத்து, மகளைக் கெஞ்சி மறுபடி வரவழைத்தார். அவள் வந்த ஞாயிறு பார்த்தா அப்படி ஒரு இடி இடிக்க வேண்டும்? அண்ணன் கீழே ஓடிவந்து மோடத்தின் பிளக்கில் கை வைத்தார். மேலே கம்ப்யூட்டரிலிருந்து, கூரை போட வாங்கப்பா என்று அவள் கூப்பிட்டாள்.

கை பிளக்கிலேயே நின்றது. "இப்ப பிடுங்கினா, மறுபடியும் நான் அடைச்சிட்டேன்னு நினைப்பாக்கா."

"நீங்க மேல போங்க தம்பி. இடிய நான் பாத்துக்கிறேன்."

போனார். மின்னல் ஜன்னலில் அடிக்க அடிக்க, மோடத்துக்குக் காவலாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட்டே போகப் பயந்து பிளக்கைப் பிடுங்காமல் விட்ட என் டிவிதான் போர்வைக்குள்ளேயே கருகியது. மேலே அப்பாவும் மகளும் விளையாட்டு வீட்டுக்குக் கூரை போட்டு முடித்துவிட்டார்கள்.

இப்போது அண்ணன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். வானம் கறுத்தால் நான்தான் ஓடி ஓடிப் பிளக்கையெல்லாம் பிடுங்குகிறேன். மோடத்தை மட்டும் தொடுவதில்லை. அவர் திறந்துவைத்த வழி அதில் அப்படியே இருக்கிறது.