கூஜா தூக்கியவர்

குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அவர் சபதம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருவதற்குள் இந்தக் கூஜாவின் வாயை மூடியாக வேண்டும்.

கூஜா அவருடைய அம்மா கொண்டுவந்த சீதனம். கல்யாணமான நாள் முதல் அதை "அசல் வெள்ளி" என்றே சொல்லி வந்தார். அலமாரியில் அதன் பக்கத்தில், பேச்சுவார்த்தை இல்லாத தம்பதி போல, மனைவி வீட்டுத் தட்டு நின்றது. அது வெறும் முலாம். ஓரமெல்லாம் தேய்ந்து பித்தளை பல்லிளித்தது. "ஒரு தடவை முலாம் பூசிக் குடுங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பித்தளைக்குப் பவுடர் போட்டா வெள்ளியாயிடுமா?" என்பார். மச்சானை எதிரில் வைத்துக்கொண்டே சொல்வார்.

இப்போது கூஜாவின் கழுத்தில், துடைக்கத் துடைக்க, மஞ்சளாக ஒரு சிரிப்பு.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"குளிக்கிறேன்."

"தண்ணிச் சத்தமே காணோம்?"

"சோப்பு போடுறேன்."

"கூஜாவையும் காணோம்?"

"அதுக்கும்தான் போடுறேன். பிடி ஆடுது. கொண்டு போய்ப் பத்தவைக்கணும்."

"நீங்க பத்தவைக்காத நாள் எது?" என்றபடி அவள் போய்விட்டாள்.

முலாம் கடையில் திராவகம் நெடியடித்தது. தொட்டிக்குள் கரண்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு வெள்ளியாகிக்கொண்டிருந்தன. கடைக்காரர் கூஜாவைத் திருப்பிப் பார்த்தார்.

"பித்தளை சார்."

"மெதுவாச் சொல்லுய்யா!"

"மெதுவாச் சொன்னாலும் பித்தளைதான். ஒடுக்கு எடுத்து, பிடியைப் பத்தவச்சு, பழைய பூச்சை உரிச்சுட்டுத் தொட்டியில விடறேன்."

"கனமாப் பூசுங்க. யார் பாத்தாலும் அசல் வெள்ளின்னு சொல்லணும்."

"கூஜா சொல்லாது சார். நீங்கதான் சொல்லணும்."

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம், மச்சான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, நிலா உதித்தது போல் கூஜாவை மேசைமேல் வைத்துச் சொன்னார். "பாத்தீங்களா மச்சான்? அசல்! சும்மா துடைச்சேன், அவ்வளவுதான். பூசி மெழுகுற வேலையெல்லாம் எங்க வீட்டுல கிடையாது."

மச்சான் வாயைப் பிளந்தார். இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்நாளில் அப்படி நிமிர்ந்ததில்லை.

அப்போது சமையலறையிலிருந்து அவள் வந்தாள். கையில் தட்டு. தட்டில் தம்ளர்கள். ஒவ்வொரு தம்ளரும் தட்டுக்குள் தலைகீழாக இன்னொரு முறை நின்றது. அத்தனை பளபளப்பு.

"இது... எப்போ?"

அவள் அவர் காதோரம் குனிந்தாள். "நீங்க பத்தவைக்கப் போன மறுநாள். எத்தனை வருஷமா அந்தக் கடைக்குப் போகலாம்னு கெஞ்சறேன், எனக்கா வழி தெரியாது? 'சார் கூஜாவோட சேத்தே தொங்கவிடறேன் அம்மா'ன்னார் கடைக்காரர்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ரெண்டும் ஒரே தொட்டியில குளிச்சதுங்க." பிறகு உரக்க, "அண்ணா கேக்கறாரு பாருங்க. எங்க அம்மா வீட்டுத் தட்டு அசலா, பூச்சா?"

மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இப்போது ஆவலோடு பார்த்தார்.

இவர் கூஜாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். எது எதன் சாயலில் மின்னுகிறது என்று பிரிக்க முடியவில்லை.

"அசல்," என்றார். "அசல் வெள்ளி."

"உங்க வாயால கேட்டாச்சு. அண்ணா, தோட்டத்துல காத்து வருது, அங்க உக்காந்து சாப்பிடலாம். ஏங்க, அதுல தண்ணி ரொப்பிக்கிட்டு என் பின்னாடியே வாங்க."

தட்டு ராணி போல முன்னே போயிற்று. அவர் கூஜா தூக்கினார்.