கோபம் இல்லை, கெண்டைக்கால்தான்

கோச்சடை,
மதுரை.

மதிப்பிற்குரிய தங்கை கணவர், உசிலம்பட்டி அழகுபாண்டி மாப்பிள்ளை அவர்களுக்கு, முத்திருளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கெண்டைக்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே தாங்களும், தங்கச்சி தமிழ்ச்செல்வியும், மருமகள் முத்துமீனாவும், மருமகளின் இரண்டு காதுகளும் நலமாயிருக்கக் குலதெய்வம் துணை. நீங்கள் போனை எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாயிருந்தாலும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

காதுகுத்து அன்று ஒரு காது குத்தியதுமே, தாய்மாமனாகிய நான் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டேன் என்று உங்கள் சனம் முழுக்கப் பேசுகிறது. போனது உண்மை. பஸ்ஸும் உண்மை. கோபம் மட்டும் பொய். ஆசாரி வரத் தாமதம், பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டாள், அசைந்தால் எழுந்து அழுவாள் என்று காலை மடக்கியபடி கோயில் வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், காது குத்தி முடியும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது என்று நானாக ஒரு விரதம் வேறு பிடித்திருந்தேன், ஆசாரி வந்து வலது காதைக் குத்தவும், பிள்ளை வீறிட்டு அலறவும், என் கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொள்ளவும் சரியாக இருந்தது. அவளைவிட நான்தான் அதிகம் அலறினேன், மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளையைத் தமிழ்ச்செல்வி கையில் கொடுத்துவிட்டு, பாதத்தை எதிலாவது அழுத்தி நீட்டினால் சரியாகும் என்று நொண்டிக்கொண்டே ஓடினேன். உடனே உங்கள் பெரியம்மா மலையம்மாள், “தாய்மாமன் கோவிச்சுக்கிட்டுப் போறான்டி, பிடிங்கடி!” என்று கத்த, நாலு பேர் வேட்டியைப் பிடிக்க, உதறிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் படியில் பாதத்தை வைத்து அழுத்தினேன். கண்டக்டர், “உள்ள ஏறுண்ணே, படியில நிக்காத” என்று கையைப் பிடித்து இழுத்துப் போட்டு விசில் அடித்துவிட்டார். கழுத்தில் மாலையோடு செக்கானூரணியில் போய் இறங்கினேன். போன் என் வீட்டுக்காரி பையில் இருந்தது. நான் திரும்பி வந்தபோது நல்ல நேரம் முடிந்து, பந்தியும் முடிந்து, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

குற்றம் என்னுடையதா, காலுடையதா என்று தெரிந்துகொள்ள, பதினொன்றாவது படிக்கும் என் மகள் திவ்யாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தெளிவாக இருந்த மனிதன் குழம்பிவிட்டேன். தசைக்குள்ளே மெல்லிய இழை, தடித்த இழை என்று வரிசை வரிசையாக இருக்கிறதாம். தடித்த இழையில் குட்டித் தலைகள் முளைத்திருக்குமாம். அவை மெல்லிய இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, கொஞ்சம் எட்டிப் பிடித்து மறுபடி இழுக்குமாம். இழை எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது, அதனால் தசை சுருங்குகிறது என்கிறாள். எதுவுமே சுருங்காமல் எப்படித் தாயே சுருங்கும் என்றால், “மேச டிராயர உள்ள தள்ளுனா டிராயரா சின்னதாகுது?” என்கிறாள். அன்றிலிருந்து ஆபீசில் டிராயரை மூடும்போதெல்லாம் காலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாதாம். ஆகவே நான் பிள்ளையைத் தள்ளிவிட்டேன் என்று உங்கள் சித்தப்பா மகன் மொக்கையன் சொல்லித் திரிவது அறிவியல்படி நடக்க முடியாத காரியம். “அப்பிடியில்லப்பா, ஒரு தச இழுத்தாக் கை மடங்கும், எதிர்த் தச இழுத்தா நீளும், அப்பிடித்தான் தள்ளுறோம்” என்று திவ்யா இடையில் ஏதோ சொன்னாள். அது நமக்குத் தேவையில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த காலுக்கு என்ன செலவு என்று கேட்டேன். அசையாமல் ஒரே நிலையில் தாங்கிக்கொண்டிருப்பதும் தசைக்கு வேலைதானாம். தல்லாகுளம் ஆபீசில் இதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். அந்த வேலைக்குச் சக்தி கொடுக்க ஏ.டி.பி. என்று ஒன்று வேண்டுமாம். கைவசம் இருப்பது சில வினாடிக்குத்தான் காணுமாம். பிறகு சர்க்கரையையும் கொழுப்பையும் மூச்சுக்காற்றையும் வைத்து உடனுக்குடன் செய்துகொண்டே இருக்குமாம். “இம்புட்டுப் பெரிய ஒடம்புல சில வினாடிக்குத்தானா சரக்கு?” என்றேன். “ஆமாப்பா, செலவாக ஆக வந்துக்கிட்டே இருக்கும்” என்றாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அதைவிடப் பெரிய குழப்பம், பிடிப்பதற்கு மட்டுமல்ல, பிடித்ததை விடுவதற்கும் அந்த ஏ.டி.பி. வந்தாக வேண்டுமாம். வராவிட்டால் பிடித்தது பிடித்தபடியே நிற்குமாம். “செத்த ஒடம்பு வெறைக்கிறது அதனாலதான்ப்பா” என்றாள். அப்படியானால் என் கால் மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பதறினேன். “அது வேறப்பா. ஒனக்கு நரம்பு விடாம உத்தரவு போட்டிருக்கு. ஏன் அப்பிடிப் போடுதுன்னு இன்னும் யாருமே அறுதியாச் சொல்லல.” யாருக்குமே தெரியாத காரணத்துக்கு நீங்க எம்மேல கோவிக்கலாமா மாப்ள?

இழை, தலை, சர்க்கரை எல்லாம் கிடக்கட்டும். பல வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை ஒற்றைக் காதில் கம்மலோடு திரிகிறாள், “அண்ணன் மடியில வச்சுத்தான் இன்னொரு காது” என்று தமிழ்ச்செல்வி பிடிவாதமாக நிற்கிறாள், நீங்கள் “அவர் மடியே வேணாம்” என்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தானே. வேறு எவன் மடியிலும் என் மருமகளை உட்கார வைத்துவிடாதீர்கள். பிடித்ததை விடுவதற்கு எதற்குச் சக்தி என்பது திவ்யா சொன்னபோது புரியவில்லை. உங்களைப் பார்த்தால் லேசாகப் புரிகிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள். நாள் குறித்துச் சொன்னால் நாற்காலியும் இளநீருமாக முதல் ஆளாக வந்து நிற்கிறேன். என் மனதில் துளி வருத்தம் கிடையாது. கெண்டைக்கால் மேல் சத்தியம்.

பெரியம்மா மலையம்மாளுக்கு என் நமஸ்காரம், வேட்டியைப் பிடித்த நால்வருக்கும் என் அன்பு, மருமகளின் குத்தாத காதுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் உறவை நாடும்
முத்திருளன்

பி.கு.: அன்றைக்குக் கோயில் வாசலில் நீங்கள் வைத்திருந்த ஃப்ளெக்ஸ் போர்டில் மொக்கையன் கறுப்புக் கண்ணாடி போட்டு முழு உருவமாக நிற்க, தாய்மாமன் படம் தபால்தலை அளவில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் எதிரேதான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த காதுக்குப் போர்டு அடித்தால் கொஞ்சம் பார்த்துச் செய்யவும். எனக்குக் கோபம் இல்லை என்று மேலே எழுதியது சத்தியம். கெண்டைக்காலுக்கு இருந்திருக்கும் போலத் தெரிகிறது, இந்த வரியை எழுதும்போது மறுபடியும் இழுக்கிறது.