மண்டபக் கடிதத்துக்கு இரண்டு பாதிப் பூட்டு

கல்யாணத்துக்கு முதல்நாள் சங்க மண்டபத்துக்கான அனுமதிக் கடிதம் திறக்கவில்லை.

கடிதம் டிஸ்கெட்டில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் சங்கம் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கியது. வாங்கிய கையோடு பயமும் வந்தது. ஆகவே, சங்கத்தின் எழுத்து எதுவும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டாமல் வெளியே போகலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒருவரை ஒருவர் நம்பாத சங்கம். பாஸ்வேர்டில் முன்பாதி தலைவர் தம்புசாமியிடம், பின்பாதி பொருளாளர் சிவசம்புவிடம்.

கன்னையா அரசாங்க இலாகாவில் கிராணி என்னும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நாளைக் காலை மகளுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து பஸ் பேசிவிட்டார்கள். சமையல் சாமான் லோரி மண்டப வாசலில் நிற்கிறது. இருந்தாலும், கடிதம் இல்லாமல் மண்டபத்துக்குள் கால் வைப்பதா? டிஸ்கெட்டோடு பக்கத்துச் சங்க அறைக்கு ஓடினார்.

தலைவர் கீபோர்டைத் துண்டால் மூடிக்கொண்டு தம் பாதியை அடித்தார்.

"மீதி?"

"சிவசம்பு பினாங்குல."

"புதுசா ஒரு கடிதம் அடிச்சுக் குடுங்க, அண்ணே."

"அடிக்கலாம். பூட்டாம தர முடியாது. பூட்ட ரெண்டு பேர் வேணும் லா."

பினாங்குக்குப் போன் போட்டார்கள்.

"கதைக்கிறது கன்னையாதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் சிவசம்பு.

"ஐயோ, உங்களுக்கு முதல் கல்யாணப் பத்திரிகை வச்சதே நான்தானே!"

"பத்திரிகை வேற, பாஸ்வேர்ட் வேற. போனில சொல்ல ஏலாது. டிஸ்கெட்டில போட்டுப் பூட்டி அனுப்புறன்."

"அதைத் திறக்க?"

"அதுக்கு வேற பாஸ்வேர்ட். வேற டிஸ்கெட்டில வரும்."

கன்னையாவுக்கு இது நியாயமாகவே பட்டது. அவரும் இலாகாவில் இருந்தவர்தானே.

"எப்ப வரும்?"

"செவ்வாய்க்கிழமை."

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை.

"கல்யாணத்தைத் தள்ளி வைக்க ஒரு விண்ணப்பம் குடுத்திடுங்க," என்றார் தலைவர் கனிவோடு. "உடனே பரிசீலிக்கிறோம்."

கன்னையா பேனாவை எடுத்தேவிட்டார். அப்போது மண்டபத்துக்குள் அண்டா இழுபடும் சத்தம். இருவரும் ஓடினார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது.

அந்தக் கதவில் பூட்டே கிடையாது. பூட்டு வாங்க வைத்திருந்த காசு கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. தலைவருக்குத் தெரியும். உறுப்பினர் அத்தனை பேருக்கும் தெரியும். கன்னையாவுக்கும் தெரியும்.

"கடிதம் இல்லாம எவன் உள்ளே போனது?" என்று முதலில் கத்தியது கன்னையாதான்.

கதவைத் தள்ளித் திறந்தது அவர் சம்சாரம், பவுனம்மாள்.