படிக்கட்டு முறை அட்டை

கோவன், கிளாஸ்கோ
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய காட்சியகப் பொறுப்பாளர் திரு. லெனாக்ஸ் ஏர்ட் அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் நலத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்.

தங்கள் காட்சியகத்தில் நான் திருடினேன் என்று மீன்கடை வரிசையில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தங்கள் அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் நான்; எடுப்பதற்கும் திருடுவதற்கும் வேறுபாடு தெரியும்.

‘படிக்கட்டு கழுவ இது உங்கள் முறை’ என்று எழுதிய அந்த அட்டை, நாற்பது ஆண்டுகள் எங்கள் கட்டடத்தின் எட்டுக் கதவுகளையும் சுற்றி வந்தது. கழுவி முடித்தவர் அடுத்த கதவில் மாட்டுவார். மாட்டியபின் மறுப்பு கிடையாது. பிள்ளை பெற்ற வீட்டுக்கே ஒரு வாரம்தான் சலுகை. மேல்மாடி ஐசா கில்ஃபிலன் என்னைக் கேளாமல் அதைத் தங்களுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் படியைக் கழுவ ஆளில்லை. கேட்டால், “அதான் இப்ப சரித்திரமாயிடுச்சே, ஃபிலோமினாக்கா! சரித்திரத்தையா கழுவச் சொல்றீங்க?” என்கிறாள்.

சென்ற வியாழன் வழக்கம்போல் என் கணவர் பெர்னார்டைப் பார்க்க வந்தேன். கப்பல் கட்டும் தளத்தில் தகடுகளுக்கு ஆணியடித்தவர்களின் படத்தில், இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறார். அவர் மறைந்தபின் பார்க்க அவருடைய வேறு படம் என்னிடம் இல்லை. தங்கள் வாசற்படியில் சேறு. காவலாளி டூகலிடம் சொன்னேன். “என் வேலை கதவு திறக்கிறதும்மா. படியெல்லாம் ஆபீஸ்ல சொல்லுங்க” என்றான். ஆபீஸில் தாங்கள் இல்லை, தேநீருக்குப் போயிருந்தீர்கள். ஆகவே மாட்டினேன். அதற்கு, இனி உள்ளே வரக்கூடாது என்று தடைக் கடிதம்! “என் புருஷனைப் பாக்க எனக்கே அனுமதி இல்லையா?” என்று நான் கேட்டது தெருமுனை வரை எட்டியதாம். அது மட்டும் உண்மை.

தடையை நீக்குங்கள். இயலாதெனில், படத்தையாவது சன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். என் வீடு எதிரேதான். தெருவில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

தங்களையும் தங்கள் அன்னையாரையும் ஆண்டவர் காப்பாராக.

திருமதி ஃபிலோமினா டோஹெர்ட்டி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கதவைத் திறந்தேன். என் கைப்பிடியில் அந்த அட்டை தொங்குகிறது. எதிரே தங்கள் வாசற்படி ஈரமாக இருக்கிறது, மூலைகூட விடுபடவில்லை. கழுவி முடித்து ஓரத்தில் இழுக்கும் வெள்ளைச் சுண்ணக்கோடு மட்டும் கோணல். “சாரே கழுவினாரும்மா, கால்சட்டையை மடிச்சுவிட்டுக்கிட்டு! அடுத்த முறை உங்களுதாம்!” என்று டூகல் அங்கிருந்து கத்துகிறான். முறை என்றால் முறைதான். மேலே எழுதியவற்றைத் தாங்கள் படிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வாளியோடு வருகிறேன். படியோடு நிறுத்தாமல், அந்தப் படம் மாட்டிய சுவர் வரை கழுவுவேன். எத்தனை மணிக்குக் கதவு திறப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.