கிழக்குப் பார்த்த எலிப்பெட்டி

அறிவாளி என்று என்னை நானே நம்பிக்கொண்டு செய்த முட்டாள்தனங்கள் ஏராளம். அவற்றில் ஓர் எலியிடம் தோற்றதை மட்டும் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துக்காரர்கள் நாய் வளர்த்துப் பேர் வாங்கினார்கள். நான் வெள்ளை எலி வளர்த்தேன். மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்று கடற்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. இடங்களை மனசுக்குள் வரைபடமாகப் பதிப்பதும், நிலைமை மாறினால் பழக்கத்தை விட்டு வேறு வழி பார்க்க உதவுவதும் அதுதான். எலி 'வலப்பக்கம் திரும்பு' என்று வெறுமனே மனப்பாடம் செய்வதில்லை, ஜன்னல் எங்கே, அலமாரி எங்கே என்று அறையையே படித்துக்கொள்கிறது என்று எண்பது பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தேன். (எழுதியவள் அதைப் படிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.)

'டி' எழுத்து வடிவில் மரப்பெட்டி. அடியில் எலியை விட்டால் வலப்பக்க முனையில், ஜன்னலோரமாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கும். மூன்றே வாரத்தில் எலி தேறியது. மிச்சப் பால்கோவாவில் நானும் நன்றாகத் தேறினேன்.

"பர்ஸ்ட் கிளாஸ் வந்தா மேல படி. இல்லன்னா மம்சாபுரத்து மாப்பிள்ளைக்குச் சரின்னுருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கோ ஆராய்ச்சிக்குப் போயே தீரவேண்டும்.

வாய்மொழித் தேர்வன்று காலையில் அம்மா, "ஏட்டி, எலிப்பெட்டியைக் கிழக்கப் பாத்து வை. அப்பதான் வெளங்கும்" என்றாள். விஞ்ஞானியான நான் என்ன செய்தேன்? சீக்கிரமே கல்லூரிக்குப் போய், மேற்குப் பார்த்திருந்த பெட்டியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி, குங்குமமும் வைத்தேன். பால்கோவா முனை ஜன்னலை விட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று தோன்றவே இல்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "எலி எங்கம்மா போகும்?" என்றார்.

"வலப்பக்கம் சார். கண்ணை மூடிக்கிட்டுப் போகும்."

எலி வழி பிரியும் இடத்தில் நின்று மீசையை ஆட்டியது. இடப்பக்கம் போனது.

"தப்பு சார். இன்னைக்கு அதுக்கு உடம்பு சரியில்ல."

மறுபடி விட்டேன். மறுபடியும் இடப்பக்கம். மூன்றாவது தடவை கழுத்தைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினேன். சனியன், விரலைக் கடித்துவிட்டு இடப்பக்கமே போனது. மூன்று தடவையும் 'தப்பு' என்றேன்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "பெட்டி எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல சார். நல்ல காரியம்னு கிழக்கப் பாத்துத் திருப்பி வச்சேன்."

"அப்ப எலி எந்தப் பக்கம் போகுது?"

"ஜன்னல் பக்கம்..." சொல்லிவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க எழுதினதை எலி நிரூபிச்சிருச்சு. நீங்கதான் மூணு தடவையும் தப்புன்னீங்க."

அதற்குள் அந்த எலி, ஜன்னல் பக்கம் காலி என்று கண்டு, தானாகவே எதிர்முனைக்குப் போய்ப் பால்கோவாவைத் தின்றுகொண்டிருந்தது. மாறிய நிலைமைக்கு அது மாறிவிட்டது. நான் மட்டும், "உடம்பு சரியில்ல சார்" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

இரண்டாம் வகுப்பு. இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதேன். மம்சாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவரிடம் அம்மா இந்தக் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் காபி சிந்தச் சிந்தச் சிரித்தார். அவரையே கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் வீட்டில் எந்தப் பேச்சிலாவது, "நீங்க சொல்றது தப்பு" என்று நான் சொன்னால், அவர் உடனே மகனைக் கூப்பிடுவார்.

"ஏலே, உங்கம்மா தப்புன்னுட்டா. அப்ப நான் சொன்னது சரியாத்தான் இருக்கும்."