பறக்கவிடுவதற்காகப் பிடிக்கப்பட்ட புறா

ஒரு காட்டில், வேட்டைக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிப்போன நாளை விலங்குகள் வருஷாவருஷம் சுதந்திர தினமாகக் கொண்டாடி வந்தன. வேட்டைக்காரர்கள் போனார்களே தவிர, வலை போகவில்லை. விழாக் குழு அதை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தது. எதற்கு என்கிறீர்களா? விழாவில் புறா பறக்கவிட வேண்டாமா? பறக்கவிட வேண்டுமென்றால் முதலில் பிடித்தாக வேண்டுமே!

அந்த வருஷம் விடிகாலையில் இரை பொறுக்க இறங்கிய ஒரு மணிப்புறா அகப்பட்டது. அதன் கூட்டில் இரண்டு முட்டைகள். அடைகாக்க வேறு ஆளில்லை. கணவன் புறாவைப் போன வாரம் ஒத்திகையில் பறக்கவிட்டார்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு போனது திரும்பவே இல்லை.

"ஐயா, காலையில நான் சுதந்திரமாத்தானே இருந்தேன்?" என்று கூண்டுக்குள்ளிருந்து கேட்டது புறா.

"இருந்திருப்பே. அதை யாரு பார்த்தா?" என்றது விழாக் குழுச் செயலாளரான கீரி.

"முட்டை ஆறிப்போயிடும் ஐயா. இப்பவே விட்டுடுங்க."

"இப்ப விட்டா அது தப்பிச்சுப் போறது. சிறப்பு விருந்தினர் கரடியார் வந்து தன் கையால விட்டாத்தான் விடுதலை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாம என்னம்மா வாதாட வந்துட்டே? ரொம்ப அவசரம்னா படிவம் இருக்கு, நிரப்பிக் கொடு."

விடுதலை கோரும் படிவம் நான்கு பக்கம். பெயர், இறகின் நிறம், விடுதலை எதற்குத் தேவைப்படுகிறது (இருபது சொற்களுக்கு மிகாமல்), வீட்டு முகவரி. 'அடைகாக்க' என்று ஒரே சொல்லில் முடித்த புறா, முகவரியை மட்டும் விலாவாரியாக எழுதியது: ஆற்றங்கரை மருதமரம், வடக்குக் கிளை, மூன்றாவது கவட்டை.

கீரி ஒவ்வொரு வரியாகப் படித்தது. "எல்லாம் சரியா இருக்கு. ஆனா இன்னிக்கு ஆபீஸ் லீவு."

"எதுக்கு லீவு?"

"சுதந்திர தினம்மா!"

ஒன்பது மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் கரடியார் பன்னிரண்டு மணிவரை வரவில்லை. மைதானத்தில் விலங்குகள் வரிசையாக நின்றன. இரண்டு தடவை வருகைப்பதிவு எடுத்தாகிவிட்டது.

"நீங்களாவது கேளுங்களேன்! இன்னிக்கு என்ன நாள்?" என்று அவர்களைப் பார்த்துக் கத்தியது புறா.

"மிட்டாய் கொடுக்கிற நாள்," என்றது முயல். "உன்னைப் பறக்கவிட்ட பிறகுதான் கொடுப்பாங்களாம். பேசிப்பேசி நேரத்தை இழுக்காதேக்கா, கால் கடுக்குது."

"லீவுன்னு சொல்லி எங்களையும்தான் வெயில்ல நிக்க வெச்சிருக்காங்க. நாங்க கத்தறோமா?" என்றது மான்.

இந்த இடத்தில் புறா மனம் உடைந்து மௌனமாகிவிட்டது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அது அப்படி ஆகவில்லை. கூண்டுக் கம்பியை அலகால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டியது நல்ல தாளமாக இருக்கவே, மரங்கொத்திகளின் வாத்தியக் குழு அதற்கேற்பக் கொட்டத் தொடங்கிவிட்டது.

ஒருவழியாகக் கரடியார் வந்தார். வலையில்லாத வாழ்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நாற்காலியில் வலையைத்தான் மடித்துப் போட்டிருந்தார்கள். பிறகு கூண்டைத் திறந்து, "பற! இது நான் தரும் சுதந்திரம்!" என்றார்.

புறா கொடிப்பக்கம் தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கரடியாரின் கால்களுக்கிடையே புகுந்து, தரையை ஒட்டியே பறந்து, நேராக ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. உச்சிவெயில் முட்டைகளைக் காப்பாற்றியிருந்தது. அவற்றில் இன்னும் சூடு இருந்தது. சிறகை விரித்து உட்கார்ந்தது.

மைதானத்தில் செல்போனும் கையுமாக நின்ற குரங்கு தலையைச் சொறிந்தது. "சார், வீடியோல புறாவே இல்ல. ஐயாவோட கால் மட்டும்தான் விழுந்திருக்கு."

கரடியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சுதந்திரம் இப்படியா தரையோட தரையாப் போகும்? கொடிக்கு மேல போக வேண்டாமா? இன்னொரு தடவை எடுங்க."

"அதை இனிமே எங்கேன்னு தேடறது?" என்றது குரங்கு.

கீரி நிதானமாகப் படிவத்தை எடுத்து நீட்டியது. விடுமுறை நாள் என்றும் பாராமல், அதன்மேல் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது.

வலை விழுந்ததும் புறா கெஞ்சியது. "முட்டையையாவது விட்டுட்டுப் போங்க ஐயா."

"தனியா விட்டா ஆறிப்போயிடாது? பாவம்," என்றது கீரி. "கூட்டோட தூக்குங்கப்பா. அடுத்த வருஷ விழாவுக்கும் ஆச்சு."

அன்று எல்லாருக்கும் மிட்டாய் கிடைத்தது. முயலுக்கு இரண்டு.

நீதி: ஏற்கெனவே சுதந்திரமாக இருப்பவர்களால் சுதந்திர தினத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தப்பித்தவறி அப்படி இருந்துவிட்டால், படிவத்தில் பக்கத்து வீட்டு முகவரியை எழுதவும்.